குடுமிக் கோழி வாங்குமுன் அதற்குக் கண் தெரிகிறதா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் கோழி வளர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட பக்கத்தில் குடுமிக் கோழிகளின் வண்ணப் படங்கள் வந்திருந்தன. படங்கள் அருமை. ஆனால் எந்த இனம் யாருக்கு ஏற்றது, எதை எந்தக் கோழியோடு சேர்த்து விடக்கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. இப்படிப் படம் பார்த்து ஆசைப்பட்டு, ஏற்கெனவே வளரும் பத்துச் சாதாரணக் கோழிகளுக்கு நடுவே ஒரே ஒரு போலிஷ் கேப் பெட்டையைக் கொண்டுவந்து விடுபவர்கள் நிறைய. சில வாரங்களிலேயே அதன் உச்சந்தலை இறகெல்லாம் பிடுங்கப்பட்டு, ரத்தம் கசியும் தலையோடு மூலையில் ஒடுங்கிவிடும். இடத்தையும் கூட்டத்தையும் பார்த்து இனத்தைத் தேர்ந்திருந்தால் இது நேராது. அதற்காகவே இந்தக் கடிதம்.

குடுமி என்று நான் சொல்வது தலைமேல் கொத்தாக வளரும் இறகை. சிவந்த சதைக் கொண்டையை அல்ல. குடுமிக்குக் காரணமான மரபணு முழு ஆதிக்கம் கொண்டதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற குஞ்சுக்குக் குடுமி அடர்த்தியாக இருக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றால் சிறிய கொத்தாக நிற்கும். எனவே ‘அசல் போலிஷ்’ என்று விற்கப்படும் விடைக்கோழியின் தலையில் நாலு இறகு மட்டும் நட்டுக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் கலப்புதான். முட்டைக்கும் கொல்லைக்கும் மட்டும் என்றால் அந்தக் கலப்பே மேல் என்பேன். அதற்குக் கண் நன்றாகத் தெரியும்.

இனத்தைத் தேர்வதற்கு முட்டை எண்ணிக்கையோ நிறமோ முதல் அளவுகோலாக இருக்கக் கூடாது. குடுமி கண்ணை எவ்வளவு மறைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கோழிக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது. மேலே வட்டமிடும் பருந்தும், பக்கவாட்டில் கொத்த வரும் இன்னொரு கோழியும் அதற்குத் தெரிந்தாக வேண்டும். பெரிய குடுமி இந்த இரண்டையும் மறைத்துவிடுகிறது. கிட்டே வரும்வரை ஆள் வருவது தெரியாமல், தெரிந்ததும் அலறி அடித்துப் பறக்கும் குணத்தைப் ‘பயந்த சுபாவம்’ என்கிறார்கள். பாதிக்கு மேல் அது பார்வைக் குறைதான். முன்னிறகைக் கத்தரித்துவிட்டால் அதே கோழி கையில் தீவனம் எடுக்க வருவதைக் காணலாம்.

முதலில் போலிஷ். பெயர் அப்படி இருந்தாலும் இந்த இனம் நெதர்லாந்துப் பகுதியில் உருவானது என்பதே பெரும்பாலோர் கருத்து. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் இதே குடுமியோடு கோழிகளைப் பார்க்கலாம். சேவல் ஏறத்தாழ 2.7 கிலோ, பெட்டை 2 கிலோ. வெள்ளை முட்டை இடும். வம்சத்துக்கு வம்சம் எண்ணிக்கை வெகுவாக மாறும் என்பதால் ஆண்டுக்கு 120 முதல் 150 வரை என்று வைத்துக்கொள்வது நல்லது. அடை உட்காருவது அரிது. இந்த இனத்தில் முக்கியமான விஷயம் இறகுக்குக் கீழே இருக்கிறது: மண்டையோட்டின் உச்சி ஒரு குமிழ்போல மேலே எழும்பியிருக்கும். குஞ்சுப் பருவத்தில் அந்தக் குமிழின் எலும்பு முழுமையாக மூடியிருக்காது; சிலவற்றில் வளர்ந்த பின்னும் துளை இருக்கும். அந்த இடத்தில் இன்னொரு குஞ்சு ஓங்கிக் கொத்தினால் அடி நேராக மூளையில் விழும். குஞ்சு வட்டமிட்டுச் சுற்றும், கழுத்து திருகிக்கொள்ளும், அல்லது அன்றே செத்துப்போகும். ஆகவே போலிஷ் குஞ்சுகளைப் பெரிய இனக் குஞ்சுகளோடு ஒரே புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் பெட்டியில்) போடக்கூடாது.

போலிஷில் தாடி உள்ளது, தாடி இல்லாதது என இரண்டு வகை. தாடி உள்ளதற்குக் கன்னத்திலும் கழுத்திலும் இறகு அடர்ந்து, பார்வையைக் கீழிருந்தும் குறைக்கும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தாடி நனையும். கொல்லையில் வளர்க்கத் தாடியில்லாத வகையை எடுங்கள். கறுப்பு உடலும் வெள்ளைக் குடுமியும் கொண்ட வகை தாடியில்லாதது. ஆனால் வெள்ளைக் குடுமியில் அழுக்கும் ரத்தமும் பளிச்சென்று தெரியும். மற்ற கோழிகளுக்கும் அப்படியே தெரியும் என்பதால் கொத்து வாங்குவதில் இதுவே முன்னால் நிற்கும்.

சில்க்கி முற்றிலும் வேறு கதை. சீனாவிலிருந்து பரவிய இனம் என்று கருதப்படுகிறது. இறகின் இழைகளை ஒன்றோடொன்று கோத்துப் பிடிக்கும் நுண்கொக்கிகள் இல்லாததால் அது மென்முடிபோல விரிந்து நிற்கிறது. தோலும் எலும்பும் கறுப்பு. காலில் ஐந்து விரல். எடை ஒரு கிலோவுக்கும் ஒன்றே முக்கால் கிலோவுக்கும் இடையே. ஆண்டுக்கு 100 முதல் 120 வரை வெளிர் மஞ்சள் சாயல் கொண்ட சிறு முட்டைகள் இடும். முட்டைக்காக இதை வாங்குவதில் அர்த்தமில்லை. கொஞ்சம் முட்டையிட்டதும் அடை உட்கார்ந்துவிடும், வேறு கோழியின் முட்டை, வாத்து முட்டை எதை வைத்தாலும் பொரிக்கும். இன்குபேட்டர் இல்லாத வீட்டில் இரண்டு சில்க்கிப் பெட்டைகள் இருப்பது பெரிய வசதி. சாதாரண அளவு முட்டை என்றால் ஒரு பெட்டைக்கு 6 முதல் 8 வரை வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து கூமுட்டையாகும். ஒரு எச்சரிக்கை: வயிற்றடி மென்முடி நீளமாக இருந்தால் பொரித்த குஞ்சின் கழுத்தைச் சுற்றி இறுக்கிவிடும். அடை வைக்குமுன் அந்த இடத்து நீண்ட இழைகளைக் கத்தரித்துவிடுங்கள்.

சில்க்கியின் குறை மழை. இறகு நீரைத் தடுக்காது. நனைந்தால் தோல்வரை ஊறிவிடும். கூரை இருந்தும் உள்ளே போகாமல் மழையில் நிற்கும் சில்க்கிகள் உண்டு. நீங்கள்தான் தூக்கிப்போய்த் துடைத்து உலர்த்த வேண்டும். பறக்கத் தெரியாது. இரவில் கம்பில் ஏறாமல் தரையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுக்கும். 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் அகலமான பலகை வைத்தால் சில ஏறும். ஏறாதவற்றுக்கு மரத்தூள் எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலடி இறகில் எச்சம் உருண்டு கட்டியாகி, விரல் அழுகும்வரை வெளியே தெரியாது. நரம்பைத் தாக்கிக் கோழியை முடக்கும் மாரெக் என்ற வைரஸ் நோய்க்கு எளிதில் ஆளாகும் இனம் என்ற பெயரும் இதற்கு உண்டு. ஒரு நாள் குஞ்சிலேயே அந்தத் தடுப்பூசி போட்டுத் தரும் இடத்தில்தான் வாங்குங்கள். நோய்க்கிருமி உள்ள இடத்தில் சில வாரம் வளர்ந்த குஞ்சுக்குப் பிறகு போடுவதால் பெரிய பயன் இராது.

ஹூடான், கிரெவ்கர், சுல்தான் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாரிஸுக்கு மேற்கே உள்ள ஹூடான் ஊர்க் கோழி கனமானது: சேவல் 3.6 கிலோ, பெட்டை 2.9 கிலோ. ஐந்து விரல், கறுப்பில் வெள்ளைத் திட்டு. இறைச்சியும் வேண்டும், முட்டையும் வேண்டும், குடுமியும் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெரிய குடுமி இனம் எனக்குத் தெரியவில்லை. சாதுவானது. நல்ல வம்சம் கிடைப்பதுதான் கடினம். நார்மண்டியின் கிரெவ்கரும் அதே எடை, முழுக்கறுப்பு. துருக்கியிலிருந்து 1854இல் இங்கிலாந்துக்குப் போய் அங்கே நிலைத்த சுல்தானுக்குக் குடுமி, தாடி, ஐந்து விரல், கால் முழுக்க இறகு என அத்தனை அலங்காரமும் ஒரே உடம்பில். முட்டையோ சொற்பம். ஈரத்தரையில் ஒரு நாள் விட்டாலே கால் இறகில் சேறு அப்பிக்கொள்ளும். கூரையிட்ட உலர்ந்த கூண்டு இல்லாதவர்கள் சுல்தானைத் தொடவே வேண்டாம்.

பலரும் கேள்விப்படாத சிறு குடுமி இனங்கள்தான் திறந்த கொல்லைக்கு ஏற்றவை. லெக்பார் அவற்றில் முதலிடம். 1930களில் கேம்பிரிட்ஜில் புன்னெட், பீஸ் என்ற ஆய்வாளர்கள் பார்டு பிளைமவுத் ராக், லெகார்ன் இனங்களையும், தென்னமெரிக்காவிலிருந்து வந்த நீல முட்டைக் கோழிகளையும் கலந்து உருவாக்கிய வழி இது. க்ரீம் லெக்பார் பெட்டையின் குடுமி பின்பக்கம் சாய்ந்த சிறு கொத்து, கண்ணை மறைக்காது. நீல முட்டை, ஆண்டுக்கு 160 முதல் 200 வரை. பொரித்த அன்றே ஆண், பெண் தெரிந்துவிடும் என்பது இதன் தனிச்சிறப்பு: பெண் குஞ்சின் முதுகில் அடர்ந்த கோடுகள் தெளிவாக ஓடும், ஆண் குஞ்சு வெளிறி, தலையில் வெளிர்ப் பொட்டோடு இருக்கும். சேவல் வைக்க முடியாத வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். பிற குடுமி இனங்களில் இந்த வசதி இல்லை. போலிஷில் இரண்டு மாதம் தாண்டித்தான் ஓரளவு தெரியும்: பெட்டையின் குடுமி இறகு நுனி உருண்டு, மொத்தமும் பந்தாக நிற்கும், சேவலுக்கு இறகு நீண்டு கூராகி, கலைந்து சரியும். சில்க்கியில் நாலைந்து மாதம்கூடக் குழப்பும்.

சுவிட்சர்லாந்தின் அப்பென்செல்லர் ஸ்பிட்ஸ்ஹாபன் இன்னொன்று. குடுமி முன்னோக்கிச் சாய்ந்து நிற்பதால் பக்கப் பார்வை கெடாது. மெல்லிய உடல், பெட்டை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ, வெள்ளை முட்டை ஆண்டுக்கு 150 அளவில். மேய்ச்சலில் கெட்டி, பாதித் தீவனத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று சொல்லத்தக்க சுறுசுறுப்பு. ஆனால் நன்றாகப் பறக்கும், மரக்கிளையில்தான் அடையப் பார்க்கும். ஆறடி வேலியெல்லாம் இதற்குத் தடையில்லை. சிறிய மூடிய கூண்டில் அடைத்தால் சலித்துப்போய் இறகு பிடுங்கத் தொடங்கும். அக்கம்பக்கத்து வீடுகள் நெருங்கிய இடத்துக்கு இது ஆகாது. நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கத்து பிராபான்டருக்கும் குடுமி செங்குத்தாக நிற்கும். குணம் இதைவிட அமைதி.

இனி, சேர்த்து வளர்ப்பது. குடுமி நிறைந்த இனங்களைத் தனிக் கூட்டமாக, குறைந்தது மூன்றாக வையுங்கள். போலிஷ், சில்க்கி, ஹூடான் தமக்குள் ஓரளவு ஒத்துப்போகும். ரோட் ஐலண்ட் ரெட் போன்ற முரட்டுக் கோழிகளோடு கட்டாயம் வேண்டாம். முளைத்துவரும் குருத்திறகின் தண்டில் ரத்தம் ஓடும். அது பார்க்க இரைபோல இருக்கும். ஒரு கோழி கொத்தி ரத்தச் சுவை கண்டுவிட்டால் மற்றவையும் வரிசையாக வரும். எதிரி எந்தப் பக்கம் என்றே தெரியாததால் குடுமிக் கோழி ஓடாமல் குனிந்து நிற்கும். கொத்துபட்டதை உடனே பிரித்து, புண்ணை உப்புநீரால் கழுவி, இறகு மூடும்வரை தனியே வையுங்கள். கூண்டுக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே உலவ 10 சதுர அடி என்பது குறைந்தபட்சம். தீவனமும் தண்ணீரும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். உலவும் இடத்துக்கு மேலே வலை அவசியம். அடையும் கம்பு 45 செ.மீ.க்கு மேல் போனால் ஏணிப்பலகை வையுங்கள். தரை எவ்வளவு தூரம் என்று சரியாகத் தெரியாமல் குதித்துப் பாதத்தில் அடிபட்டுக்கொள்ளும்.

தண்ணீர்ப் பாத்திரம் சின்ன விஷயம்போலத் தோன்றும். பெரும்பாலான கண்நோய் அங்கேதான் தொடங்குகிறது. வாயகன்ற சட்டியில் குடித்தால் குடுமியின் முன்பக்கம் முழுக்க நனையும். ஈர இறகில் தூசும் தீவனத் தூளும் ஒட்டி, கூராகக் கட்டிப்பட்டு, கண்ணை உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாளில் கண் சிவக்கும், நீர் வடியும், இமை ஒட்டும். நிப்பிள் (கொத்தினால் நீர் சொட்டும் முனை) வைத்த டப்பாவைக் கோழி தலையை நிமிர்த்திக் குடிக்கும் உயரத்தில் தொங்கவிட்டால் இந்தத் தொல்லை அநேகமாக நின்றுவிடும். பழகும்வரை முதல் சில நாள் கண்காணியுங்கள். நிப்பிள் எங்கே என்று தெரியாமல் தாகத்தோடு நிற்கும் கோழியும் உண்டு, விரலால் தட்டிச் சொட்டு விழுவதைக் காட்டினால் கற்றுக்கொள்ளும். மாவுத் தீவனத்தைவிடக் குச்சித் தீவனம் நல்லது, தாடியில் ஒட்டாது. கண் ஒட்டியிருந்தால், கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் 4.5 கிராம் உப்புக் கரைத்து, பஞ்சில் நனைத்துக் கண்ணின் உள்மூலையிலிருந்து வெளியே துடையுங்கள். கண்ணில் நுரைபோலக் குமிழி தெரிந்தாலோ, மூச்சில் கரகரப்பு இருந்தாலோ அது இறகு உரசியதால் வந்ததாக இராது. சுவாச நோய்த் தொற்றாக இருக்கலாம். அதைத் தனிமைப்படுத்திக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடுமி கத்தரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தயங்கித் தயங்கித் தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம். காட்சிக்கு அனுப்பாத கோழிக்குக் குடுமியை முழுதாக விட்டுவைப்பதால் ஒரு நன்மையும் இல்லை. பகல் வெளிச்சத்தில், இரண்டு பேராகச் செய்யுங்கள். இறக்கைகளோடு சேர்த்துத் துண்டால் உடலைச் சுற்றி ஒருவர் மடியில் பிடிக்க, மற்றவர் அலகை மெல்லப் பற்றி, முன்னிறகைக் கத்தையாக முன்னே கோதிவிட வேண்டும். நுனி மழுங்கிய கத்தரிக்கோலை, அதன் நுனி கண்ணைப் பார்க்காதபடி பிடித்து, கண்ணுக்கு முன்னும் மேலும் விழும் இறகுகளைத் தோலிலிருந்து ஒரு செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் மிஞ்சும் தண்டு முள்ளாகக் குத்தும். வெட்டுமுன் ஒவ்வொரு கத்தையின் அடித்தண்டையும் பாருங்கள்: வெளிறி வறண்டிருந்தால் வெட்டலாம், தடித்து நீலங்கறுப்பாக, உறை மூடியிருந்தால் குருத்திறகு, அதை விட்டுவிடுங்கள். தவறி வெட்டி ரத்தம் வந்தால் சோளமாவைத் தொட்டு இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். நேர் எதிரே நின்று பார்த்தால் இரண்டு கண்ணும் முழுதாகத் தெரிய வேண்டும். பிறகு பக்கவாட்டிலிருந்து விரலை மெதுவாகக் கொண்டுபோனால் அது தலையைத் திருப்ப வேண்டும். அதுவரை வேலை முடியவில்லை. அடுத்த இறகு உதிர்ப்பில் எல்லாம் திரும்ப முளைக்கும், மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். வெட்ட மனமில்லாமல் ரப்பர் பேண்டால் கட்டிவிடுகிறார்கள். அது இறுகித் தோலில் பதிந்துவிடும். கட்டத்தான் வேண்டுமென்றால் மென்மையான காகித டேப் போதும், அதையும் இரண்டு நாளுக்கொரு முறை அவிழ்த்துப் பாருங்கள்.

பேன் இருக்குமிடம் குடுமியின் அடி. கோழி தன் உடம்பில் அலகு எட்டும் இடமெல்லாம் கோதிக்கொள்ளும், தலைக்கு எட்டாது. இரண்டு விரலால் குடுமியைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். இறகுத் தண்டின் அடியில் வெள்ளையாகப் படிந்து ஒட்டியிருப்பவை ஈறு. பேனைக் கொல்லும் பெர்மெத்ரின் தூளைக் கோழியின் தலையில் கொட்டாதீர்கள், கண்ணிலும் மூக்கிலும் போய்விடும். இந்த இனங்களுக்கு மூக்குத் துளைகளும் பெரியவை. கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையில் தொட்டு அடிவரை தடவுங்கள். மருந்து ஈற்றைக் கொல்லாது. எனவே 7 முதல் 10 நாளில் மறுமுறை போட்டாக வேண்டும். இந்த இரண்டாவது முறையை விட்டுவிடுவதால்தான் ‘மருந்து கேட்கவில்லை’ என்கிறார்கள். முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதை மருந்துச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சில்க்கி, சுல்தான் கால்களில் செதில் தூக்கி, சுண்ணாம்புபோலப் பொருக்குக் கட்டினால் அது செதில்பூச்சி. வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து, வாஸலினை வாரம் இரண்டு முறை தடிமனாகப் பூசுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வரும்.

கழுத்துத் திருகல் பற்றியும் சொல்ல வேண்டும். குமிழ்மண்டை உள்ள போலிஷ், சில்க்கி இரண்டிலும் இது அதிகம் கேட்கப்படும் புகார். தலை பின்னுக்கு மடிந்து வானத்தைப் பார்க்கும், அல்லது கால்களுக்கிடையே தொங்கும். தலையில் அடி, வைட்டமின் ஈ அல்லது தையமின் (வைட்டமின் பி1) குறைபாடு, மாரெக், ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) என்று காரணம் பலவாக இருக்கும். வைட்டமின் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. மற்ற கோழிகளிடமிருந்து பிரித்து, தானே குடிக்க முடியாததால் அலகோரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அடிபட்டதால் வந்தது பல வாரம் பொறுமையாகப் பார்த்தால் தேறுவது உண்டு.

வாங்கும்போது மூன்று மாத விடைக்கோழியைப் பார்த்து ‘கண் நன்றாகத்தானே தெரிகிறது’ என்று ஏமாற வேண்டாம். குடுமி அதற்குப் பிறகும் அடர்ந்துகொண்டே போகும். முடிந்தால் அதன் தாய், தந்தையைக் காட்டச் சொல்லுங்கள். குடுமியைப் பிரித்துப் புண், பொருக்கு, ஈறு பாருங்கள். தரையில் விட்டு நேர்க்கோட்டில் நடக்கிறதா, கால் பின்னுகிறதா என்று கவனியுங்கள். நெஞ்செலும்பு கத்தியாகத் துருத்தினால் வேண்டாம். கொண்டுவந்தவற்றை 30 நாள் தனிக் கூண்டில், தனிப் பாத்திரங்களோடு வையுங்கள்; தினமும் பழைய கோழிகளுக்குத் தீவனம் வைத்த பிறகே புதியவற்றிடம் போங்கள்.

குஞ்சு எடுக்க விரும்புவோர், சேவலின் குடுமியையும் அதே முறையில் கத்தரியுங்கள். பெட்டை எங்கே என்று தெரியாத சேவலால் கூமுட்டைதான் மிஞ்சும். சில்க்கியில் சேவல், பெட்டை இரண்டுக்கும் ஆசனவாயைச் சுற்றிய மென்முடியையும் கத்தரிக்க வேண்டும். போலிஷ் முட்டைகளைச் சில்க்கிக்கு அடை வைத்தால், பொரிந்த குஞ்சுகளை வேறு பெரிய இனக் குஞ்சுகளோடு கலக்காமல் தாயோடே வளரவிடுங்கள். புரூடரில் வளர்ப்பதானால் முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரம் 3 டிகிரி குறைத்து வரலாம். நெரிசல்தான் கொத்தலைத் தூண்டும்; குஞ்சுகள் விளக்கின் கீழ் நெருங்கிக் குவிந்தால் சூடு போதவில்லை, சுவரோரம் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு அதிகம் என்று பொருள்.

இப்படிக்கு,
வீட்டுக் கோழி வளர்க்கும் வாசகர்